கரை காட்டிய கடல்

குமரி மாவட்டத்தின் கடற்கரை கிழக்கே ஆரோக்கியபுரத்தில் தொடங்கி மேற்கே நீரோடியில் முடிகிறது. சுமார் 70 கிலோமீட்டர் நீளம். இதற்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட மீனவ ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. நிலத்துக்குப் பட்டா உண்டு, சர்வே எண் உண்டு. கடலுக்கு அப்படி ஏதாவது உண்டா என்று வகுப்பில் பிள்ளைகள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் புவியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அதற்கு முன்னால் கட்டுமரக்காரரின் மகன். உண்டு என்றுதான் பதில் சொல்லியிருக்கிறேன். கரையிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தூரம் வரை உள்ள கடலில் எங்கள் முன்னோர் பெயர் வைக்காத பாறை கிடையாது, ஆழம் பார்க்காத இடம் கிடையாது. அந்தக் கணக்கை எந்த அலுவலகமும் எழுதி வைக்கவில்லை. ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையை மரத்தில் ஏற்றி, விடியுமுன் புறப்பட்டு, பொழுது சாயுமுன் கரை சேர்ந்து, நாள் நாளாகச் சொல்லிக்கொடுத்து வளர்த்த கணக்கு அது.

இன்று உலகின் பல கரைகளில், வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டு கரையோரக் கடலில் ஒரு முழு நாள் தூண்டில் போட்டு வருவது சுற்றுலாத் தொழிலாகிவிட்டது. எங்கள் கரையில் வழிகாட்டியாக வந்தவர் அப்பா, இல்லையென்றால் சிற்றப்பா, இல்லையென்றால் தாய்மாமன். கட்டணம் கிடையாது. கற்றுக்கொள்ளாதவனுக்குச் சோறு கிடையாது என்பது மட்டும்தான் ஒப்பந்தம். அந்த ஒரு நாளின் வரலாற்றை எழுதினால், கரையோரக் கடல் யாருடையது என்ற கேள்வியின் வரலாற்றையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

மரம்

எங்கள் ஊரில் கட்டுமரத்தை மரம் என்றுதான் சொல்வோம். மலைவேம்பு, அல்பீசியா, இலவு என்று கனமில்லாத மரங்களாகப் பார்த்து மலையடிவாரத்திலிருந்து தடிகள் வரும். ஆசாரி அவற்றைச் செதுக்கி வளைவு எடுப்பார். மூன்று அல்லது நான்கு தடிகளைப் பக்கம் பக்கமாக வைத்துத் தென்னை நார்க் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் மரம் ஆயிற்று. ஆணி ஒன்றுகூட அடிப்பதில்லை. முன்பக்கமான அணியம் மேல்நோக்கி எழும்பியிருக்கும். பின்பக்கமான கடையால் அகன்றிருக்கும். தண்ணீரில் ஊற ஊறத் தடி கனத்துவிடும். அதனால் கரையேற்றியதும் கட்டை அவிழ்த்துத் தடிகளைத் தனித்தனியாக வெயிலில் காயப் போடுவதும் உண்டு.

பார்க்கிறவர்களுக்கு இது ஏழையின் மிதவையாகத் தெரியும். ஆனால் எங்கள் கரையின் கடலைப் பார்த்துவிட்டுத்தான் இதை எடைபோட வேண்டும். இங்கே பெரும்பாலான ஊர்களில் ஒதுங்க இயற்கையான துறைமுகம் இல்லை. கரைக்குச் சற்றுத் தள்ளித் திரைகள் வரிசையாக உடையும். அந்த இடத்தை ஆழி என்போம். குடைந்து செய்த படகு ஆழியில் ஒரு திரையை வாங்கினால் உள்ளே தண்ணீர் நிறைந்துவிடும். மரத்தில் நிறைவதற்கு உள்ளே என்று ஒன்று இல்லை. மேலேறிய தண்ணீர் தடிகளின் இடுக்கு வழியாக இறங்கிப் போய்விடும். கவிழ்ந்தாலும் மூழ்காது. புரட்டிப் போட்டு மறுபடி ஏறிக்கொள்ளலாம்.

இந்த அறிவைக் கண்டு வியந்தவர்கள் பலர். ஆங்கிலேயக் கடலோடியான வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட தன் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரங்களை விவரித்திருக்கிறார். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி எழுதிய ஆய்வில், கட்டுமரம் கரைக்குக் கரை எப்படி வேறுபடுகிறது என்பதைத் தடியின் எண்ணிக்கை, கட்டும் முறை என்று பிரித்துப் பதிவு செய்தார். நாகப்பட்டினம் பக்கத்தில் கோலா மீன் காலத்துக்கென்றே பெரிய கோலா மரம் கட்டினார்கள். எங்கள் பக்கத்து மரம் அதைவிடச் சிறியது. ஒவ்வொரு கரையின் திரைக்கும் மீனுக்கும் ஏற்ற அளவை அந்தந்த ஊரே கண்டுபிடித்திருந்தது.

ஒரு முழு நாள்

1960களின் பிற்பகுதியில், பள்ளி விடுமுறை நாட்களில் நான் அப்பாவோடு மரம் ஏறத் தொடங்கினேன். கோழி கூவுமுன் அம்மா எழுப்புவார். அவித்த மரச்சீனிக் கிழங்கும் சுட்ட மீனும் ஓலைப்பெட்டியில் இருக்கும். குடிதண்ணீர் தனியாக. தூண்டில் கயிறு, ஈயக்கட்டி, நங்கூரக் கல், முந்தின நாள் பிடித்து எடுத்து வைத்த சாளை, கணவாய்த் துண்டு எல்லாம் சரிபார்த்துத் தோளில் துடுப்போடு இறங்கினால் கரை முழுக்க ஆள் நடமாட்டம் கேட்கும். இருட்டில் முகம் தெரியாது. குரலை வைத்தே யார் யார் என்று தெரியும்.

முதல் பாடம் கரையிலேயே தொடங்கும். மரத்தைத் தண்ணீர் விளிம்பில் வைத்துவிட்டு அப்பா பேசாமல் நிற்பார். பெரிய திரைகள் கூட்டமாக வந்து உடைந்தபின் கடல் கொஞ்ச நேரம் தணியும். அந்த இடைவெளி எப்போது வரும் என்பதைக் காதால் பிடிக்க வேண்டும். இருட்டில் கண் உதவாது. "இப்பம்" என்று ஒரே சொல் சொல்வார். அந்தச் சொல்லோடு எல்லாருமாகத் தள்ளி ஏறித் துடுப்பை வலிக்க வேண்டும். ஆழியைத் தாண்டுவது சில நிமிட வேலைதான். ஊரில் கடலில் இறந்தவர்கள் பலர் இந்தச் சில நிமிடத்தில்தான் இறந்தார்கள்.

ஆழி தாண்டியதும் கரைக்காற்று பாயில் ஏறும். விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்று அது. மதியத்துக்கு மேல் கடற்காற்று திரும்பி அடிக்கும். போவதற்கு ஒரு காற்று, வருவதற்கு ஒரு காற்று. பாய்மரத் தொழில் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள நேரத்துக்குள் அமைந்தது. ஒரு நாள் தொழில் என்பதற்கு அளவு வைத்தது சூரியனும் காற்றும்தான்.

கிழக்கு வெளுக்கும்போது இரண்டாம் பாடம். நான் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்பா என் தாடையைப் பிடித்துத் திருப்புவார்.

"கரையப் பாரு மக்கா. கடலப் பாத்தா ஒண்ணும் தெரியாது. கரதான் எடத்தச் சொல்லும்."

கடலுக்கு அடியில் கிடக்கும் பாறைத் திட்டைப் பார் என்போம். களவாவும் விளமீனும் பாரை மீனும் அங்கேதான் கூடும். மேலிருந்து பார்த்தால் பாரின் மேல் உள்ள தண்ணீருக்கும் பக்கத்துத் தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாது. பாரைக் கண்டுபிடிக்கக் கரையில் இரண்டு கோடுகள் வேண்டும். முட்டத்துக் கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் வேளிமலையின் ஒரு முடி வந்து ஒட்ட வேண்டும். அது ஒரு கோடு. கிழக்கே பக்கத்து ஊர்த் தேவாலயக் கோபுரம் மருந்துவாழ் மலையின் சரிவில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஏற வேண்டும். அது இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் கல்லைப் போட்டால் அடியில் பார் இருக்கும். பின்னாளில் கல்லூரியில் நில அளவையியல் படித்தபோது, இதே முறையைக் கருவியோடும் வாய்ப்பாட்டோடும் சொல்லிக்கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பா அதை ஆடுகிற மரத்தில் நின்று வெறும் கண்ணால் செய்தார். எத்தனையோ பார்களுக்கான கோடுகள் அவர் மனத்தில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது. கண்டுபிடித்தவரின் பெயர், அங்கே கிடைக்கும் மீனின் பெயர், பாறையின் வடிவத்தால் வந்த பெயர்.

கரையின் அடையாளங்களுக்கும் வரலாறு உண்டு. 1544ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரையோரமாக நடந்து முக்குவர் என்ற மீனவ மக்களின் ஊர்களில் ஆயிரக்கணக்கானோருக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். அதன் பிறகு ஊர்தோறும் ஆலயம் எழுந்தது. முதலில் ஓலைக்கூரை, பிறகு கல், பிறகு உயர்ந்த கோபுரம். கடலிலிருந்து கரையைப் பார்க்கிறவனுக்கு அந்தக் கோபுரங்கள் அடையாளக் கம்பங்கள் ஆயின. பழைய பனை விழுந்தாலும், புதிய கோபுரம் எழுந்தாலும், அந்த ஆண்டே ஊர்ப் பெரியவர்கள் தங்கள் கோடுகளைத் திருத்திக்கொள்வார்கள்.

மூன்றாம் பாடம் கையில். ஈயக்கட்டியைக் கயிற்றில் இறக்கி ஆழம் பார்ப்போம். இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். எத்தனை பாகத்தில் ஈயம் தரை தட்டுகிறது, தட்டும்போது நறுக்கென்று கல்லில் படுகிறதா, மெத்தென்று சேற்றில் புதைகிறதா, மேலே வரும்போது அடியில் மணல் ஒட்டியிருக்கிறதா, சிப்பித் தூள் ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் கவனிக்க வேண்டும். கயிறு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பார்த்தால் நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தத் திசையில் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று தெரியும். மேல் தண்ணீர் ஒரு பக்கமும் அடித் தண்ணீர் இன்னொரு பக்கமும் ஓடுகிற நாட்கள் உண்டு. அன்று கயிறு நடுவில் வயிறு வைத்து வளையும். அப்படிப்பட்ட நாளில் தூண்டில் போடாமல் இடம் மாறிவிட வேண்டும்.

தூண்டிலைப் பிடித்த விரலில் மீனின் குணம் தெரியும். விளமீன் தட்டிப் பார்த்துத் தின்னும். களவா ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு பாறை இடுக்குக்குள் ஓடும். அந்த முதல் இழுப்பிலேயே ஒன்றிரண்டு பாகம் தூக்கிவிடாவிட்டால் தூண்டில் அறுந்துவிடும். கிளாத்தி இரையை மட்டும் கொறித்துக்கொண்டு போய்விடும். "கொத்துனது யாருன்னு தெரியாம இழுக்காத" என்பார் அப்பா. மீனுக்கு 'யார்' என்ற சொல்தான் அவர் வாயில் வரும்.

பன்னிரண்டு மணிக்கு மேல் காற்று திரும்பும். மீன் கடித்துக்கொண்டிருந்தாலும் கயிற்றைச் சுருட்டச் சொல்லிவிடுவார். பேராசைக்காரனைக் காற்று காத்திருந்து கூட்டிப் போகாது என்பது அவர் சொன்ன கடைசிப் பாடம்.

கடலில் இருந்த ஒழுங்கு

பொதுவான இடம் என்றால் யாரும் எப்படியும் எடுக்கலாம் என்று வெளியே இருப்பவர்கள் எண்ணுகிறார்கள். எங்கள் கரையோரக் கடல் பொதுவானதாக இருந்தது, ஒழுங்கோடும் இருந்தது. ஒரு பாரின் மேல் முதலில் கல் போட்டவருக்கு அன்று முன்னுரிமை. அடுத்து வருகிறவர் நீவாட்டுக்கு எதிர்ப்பக்கம் தள்ளிக் கல் போட வேண்டும். முன்னவரின் தூண்டிலோடு தன் தூண்டில் சிக்கக் கூடாது. தூண்டில் போடுகிற பாரின் மேல் வலைக்காரர் வலை விடமாட்டார். கரையில் நின்று இழுக்கிற வலையான கரைமடிக்குரிய இடத்துக்கு முறை வைத்து நாள் பிரித்துக்கொள்வார்கள். ஒரு மரம் ஆபத்தில் சிக்கினால், அது எந்த ஊர் மரமானாலும், கண்டவர் தொழிலை விட்டுவிட்டுப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. வழிபாட்டு நாள் என்பதால் வந்த கட்டுப்பாடு அது. வாரத்தில் ஒரு நாள் கடலுக்கும் ஓய்வு கிடைத்தது.

பிடித்து வந்த மீன் மணலிலேயே ஏலம் போகும். ஏலத் தொகையில் ஒரு பகுதி ஆலயத்துக்கும் ஊர்ச் செலவுக்கும் போகும். அதைக் குத்தகை என்பார்கள். மரத்துக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று மீதி பிரியும். அதற்கப்புறம் பெண்களின் நாள் தொடங்கும். அம்மாவும் அத்தையும் மீன் கடவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு திங்கள்சந்தைக்கும் தக்கலைக்கும் நடந்தார்கள். வீட்டில் இருக்கும் நேரத்தில் பருத்தி நூலில் வலை பின்னினார்கள். கடலில் போன நாளுக்கு இணையாகக் கரையில் ஒரு முழு நாள் இருந்தது. பின்னாளில் நைலான் வலை ஆலைகளிலிருந்து வந்தபோது, கரையில் முதலில் வேலை இழந்தவர்கள் இந்தப் பெண்கள்தான்.

குறை இல்லாத காலம் என்று நான் சொல்லவில்லை. வியாபாரியிடம் வாங்கிய கடனுக்காக மீனை அவர் கேட்ட விலைக்கே கொடுத்த வீடுகள் ஏராளம். ஆனி, ஆடி மாதங்களில் கடல் கொந்தளித்துக் கிடக்கும்போது அடுப்பு எரியாத நாட்கள் இருந்தன. ஆனாலும் அடுத்த ஆண்டு அதே பாரில் மீன் இருந்தது. இந்த ஒன்றை நம்பித்தான் அந்த வறுமையை அவர்கள் தாங்கினார்கள்.

இழுவை மடி வந்தது

அரசாங்கத்தின் பார்வை நெடுநாள் தொலைவிலேயே இருந்தது. சர் பிரடெரிக் நிக்கல்சனின் முயற்சியால் 1907இல் சென்னை மாகாணத்தில் மீன்வளத்துக்கெனத் தனி அமைப்பு உருவானது. 1920களின் பிற்பகுதியில் 'லேடி கோஷன்' என்ற நீராவி இழுவைக் கப்பலைக் கொண்டு மாகாண அரசு மீன்பிடி இடங்களை ஆராய்ந்தது. குமரிமுனைக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் மேட்டில் இலங்கையின் இழுவைக் கப்பல்கள் 1928 முதலே மீன் பிடித்தன. 1976இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அந்த மேடு இந்தியாவின் உரிமைக்குள் வந்தது. இலங்கையின் 6 கப்பல்கள், ஆண்டுக்கு 2,000 டன் என்ற அளவில், 3 ஆண்டு மட்டும் அங்கே தொடரலாம் என்று முடிவாயிற்று. இந்தக் கணக்குகளெல்லாம் ஆழ்கடலைப் பற்றியவை. கரையோரத்தில் மரம் வைத்திருந்தவர்களை அவை அப்போது தொடவில்லை.

தொட்டது இறால். 1952இல் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் சேர்ந்து செய்த ஒப்பந்தத்தால் இந்திய-நார்வே திட்டம் பிறந்தது. கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையிலும் சக்திகுளங்கரையிலும் வேலை தொடங்கியது. சிறிய மீனவரின் வாழ்வை உயர்த்துவது நோக்கமாகச் சொல்லப்பட்டது. 1960களில் இறாலுக்கு வெளிநாட்டில் விலை ஏறியதும் திட்டத்தின் போக்கே மாறிப்போனது. எந்திரப் படகும் இழுவை மடியும் கரை நெடுகப் பரவின. குமரி மாவட்டம் 1956இல் தமிழ்நாட்டோடு இணைந்திருந்தது. தமிழ்நாட்டு அரசும் மானியத்தில் எந்திரப் படகுகள் கொடுத்தது. எங்கள் பக்கத்தில் குளச்சல் இழுவைப் படகுகளின் தளமாயிற்று.

இறால் சேற்றுத் தரையில், கரைக்குப் பக்கத்தில் இருக்கும். ஆழ்கடலுக்குப் போகும் என்று சொல்லிக் கொடுத்த படகுகள் அதனால்தான் கரையோரத்துக்கே வந்தன. இழுவை மடி தரையைத் தடவிக்கொண்டு போகும். இறாலோடு குஞ்சு மீன், நண்டு, முட்டை, பாசி என்று எல்லாவற்றையும் அள்ளும். விற்க முடியாததைக் கடலில் கொட்டுவார்கள், அல்லது காயவைத்துக் கோழித் தீவனத்துக்கு அனுப்புவார்கள். இரவில் விட்டிருந்த மரக்காரரின் வலைகள் அறுந்து போயின. ஓர் ஆண்டுச் சம்பாத்தியம் ஒரே இரவில் போன வீடுகள் எங்கள் தெருவிலேயே இருந்தன. பாரின் ஓரத்தில் மடி உரசிப் போனபின் அங்கே மாதக்கணக்கில் தூண்டில் கொத்தாது.

1970களில் மோதல் வெடித்தது. மரக்காரர்கள் இழுவைப் படகுகளைச் சூழ்ந்து பிடித்தார்கள், படகுகள் எரிந்தன, ஊருக்கும் ஊருக்கும் பகை மூண்டது, உயிர்கள் போயின. இரண்டு பக்கமும் ஒரே கோயிலில் ஒரே பூசை கண்ட மக்கள். சென்னையிலும் கோவாவிலும் கேரளத்திலும் இதே சண்டை. இதை ஆராய 1976இல் மத்திய அரசு மஜும்தார் தலைமையில் குழு அமைத்தது. 1978இல் கட்டுமர, நாட்டுப்படகு மீனவர்களின் தேசிய அமைப்பு தோன்றியது. கேரளம் 1980இல் சட்டம் இயற்றியது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல், அதாவது சுமார் ஐந்தரைக் கிலோமீட்டர், எந்திரப் படகு நுழையக் கூடாத பகுதியாயிற்று.

இந்தக் கோட்டை யாரோ வரைபடத்தில் அளவுகோல் வைத்துப் போட்டதாக என் மாணவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பாயும் துடுப்பும் கொண்ட மனிதன் ஒரு பகலில் போய்த் தொழில் செய்து திரும்பி வரக்கூடிய கடல் எது என்ற கேள்விக்கு அந்தக் கோடு ஏறக்குறைய விடை சொல்கிறது. அது எங்கள் ஒரு நாளின் நீளம்.

ஒட்டுப்பலகையும் எந்திரமும்

சட்டம் வந்த காலத்திலேயே மரமும் மாறத் தொடங்கியிருந்தது. மலையில் மரம் வெட்டுவது குறைந்து, தடியின் விலை ஏறியது. பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் ஜில்லே என்பவர் கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூக சேவைப் பணியோடு சேர்ந்து, எங்கள் ஆழிக்கு ஏற்ற புதிய கலம் ஒன்றைத் தேடினார். பல வடிவங்கள் செய்து, மீனவர்கள் ஏறிப் பார்த்துக் குறை சொல்லி, மறுபடி செய்து, ஒட்டுப்பலகையால் கட்டிய வள்ளம் உருவானது. 1980களின் தொடக்கத்தில் முட்டத்தில் அதற்கான கட்டும் தளம் இயங்கியது. 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு பிறந்தது. ஊர்ச் சங்கமே கரையில் ஏலம் நடத்தி, ஏலத்திலேயே சேமிப்பும் கடன் தவணையும் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டால், வியாபாரியின் பிடி தளர்ந்தது. மேலிருந்து வந்த திட்டங்களையும் மீனவரைக் கேட்டுக் கேட்டுச் செய்த இந்த வேலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது நிலைத்தது என்பது எங்கள் கரையில் கண்கூடு.

வெளிப்பொருத்து எந்திரம் வந்ததும் கரைக்காற்றுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்றானது. ஆழியை எந்திர வேகத்தில் தாண்டினார்கள். துடுப்பு வலித்துத் தோள் தேய்ந்த மனிதர்களுக்கு அது பெரிய விடுதலை. என் அப்பா கடைசிக் காலத்தில் எந்திர வள்ளத்தில் போய்வந்து, முதுகு வலி இல்லாமல் தூங்கினார். அதை நான் நன்றியோடுதான் நினைக்கிறேன். அதே சமயம் மண்ணெண்ணெய்ச் செலவும் வந்தது. செலவை ஈடுகட்ட இன்னும் தூரம் போக வேண்டியிருந்தது. தூரம் போனால் இன்னும் செலவு. 2004 சுனாமியில் குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொடுத்தன. அதன்பின் நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் ஏராளமாக வந்து இறங்கின. தடி மரங்கள் கரையிலிருந்து மெல்ல மறைந்தன.

அடுத்து ஜிபிஎஸ் கருவி வந்தது. பாரின் இடம் இப்போது இரண்டு எண்கள். கோடு சேர்த்துப் பார்க்கக் கற்றுக்கொள்ள ஆண்டுகள் ஆகும். எண்ணைச் சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் போதும். இருட்டிலும் மூடுபனியிலும் கருவி உயிர் காக்கிறது. அதை வேண்டாம் என்று எந்தப் புத்தியுள்ளவனும் சொல்லமாட்டான். ஆனால் எண் யார் கைக்கும் போகும். பாரை அறிந்தவன் அந்தப் பாரின் ஒழுங்கையும் சேர்த்தே கற்றிருந்தான். எண்ணை மட்டும் வாங்கியவனுக்கு அந்த ஒழுங்கு தெரியாது.

இனி செய்ய வேண்டியது

2001 முதல் தமிழ்நாட்டில் மீன்பிடித் தடைக்காலம் நடைமுறையில் இருக்கிறது. முதலில் 45 நாள், 2017 முதல் 61 நாள். எங்கள் மாவட்டத்தில் கிழக்குப் பகுதிக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குப் பகுதிக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு கடல் இருப்பதை அரசாங்கம் ஏற்றுக்கொண்டதற்கு இது சான்று. எங்கள் மூத்தவர்கள் அதைவிட நுணுக்கமாக, ஊருக்கு ஊர், பாருக்குப் பார் கடலைப் பிரித்து அறிந்திருந்தார்கள். அந்த அறிவும் நிர்வாகத்துக்குள் வர வேண்டும்.

அதனால் சில வேண்டுகோள்களை வைக்கிறேன்.

மீன்வளத் துறைக்கு: கரையோரக் கடலுக்குள் இழுவைப் படகு நுழையக் கூடாது என்ற சட்டம் உயிர்கள் கொடுத்துப் பெற்றது. அதை இரவும் பகலும் காவல் காத்து நடைமுறைப்படுத்துங்கள். துறைமுகம், அனல்மின் நிலையம், மணல் அகழ்வு, எண்ணெய்த் தேடல் என்று எந்தத் திட்டம் வந்தாலும், அந்த இடத்தில் எந்தப் பார் இருக்கிறது, எந்த ஊர் அதில் தூண்டில் போடுகிறது என்று ஊராரைக் கேட்டு எழுதிக்கொண்ட பிறகே முடிவெடுங்கள். வெறும் நீலமாகத் தெரிகிற அந்த இடம் ஒருவருடைய தொழில்நிலம்.

கடற்கரைப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு: எழுபது வயது தாண்டிய கடலோடிகள் ஒவ்வோர் ஊரிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். மாணவர்களை அவர்களிடம் அனுப்புங்கள். பார்களின் பெயரும், கரையில் அவற்றின் அடையாளமும், ஆழமும், மீனும், காலமும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஏறட்டும். ஊர்ச் சங்கம் அதைப் பாதுகாக்கட்டும். நான் பணியில் இருந்தபோது என் வகுப்புகளில் இதைச் செய்தேன். கடலைப் பற்றி வெட்கப்பட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டதைப் பார்த்தேன். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை.

தூண்டில் மீன்பிடிப்பில் ஆசை கொண்டு நகரத்திலிருந்து வரும் இளைஞர்களுக்கு: தனியாகப் படகு எடுத்துப் போகாதீர்கள். உள்ளூர் மீனவரோடு போங்கள். அவருக்கு உரிய கூலியைக் கொடுங்கள். அவர் காட்டும் பாரின் இடத்தைப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். குஞ்சு மீனைத் திரும்ப விடுங்கள். அவர் கயிற்றைச் சுருட்டச் சொல்லும்போது சுருட்டிவிடுங்கள்.

மீன் வாங்கிச் சாப்பிடுகிற எல்லாருக்கும்: சந்தையில் தூண்டில் மீன் எது என்று கேளுங்கள். விலை கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஒவ்வொன்றாகப் பிடித்த மீன் அது; அடுத்த ஆண்டுக்கும் கடலில் மிச்சம் வைத்துப் பிடித்த மீன். அந்தக் கூடுதல் விலையைக் கொடுங்கள். கரையோரக் கடலைக் காப்பாற்றுவதில் உங்கள் பங்கு அதுதான்.